பராமரிப்பில் உள்ள பல பதிப்புகளும் நிரல் வடிவ மாற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் பங்களிப்பவர்களும், புதிதாகப் பராமரிப்புப் பொறுப்பை ஏற்றவர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், அவற்றை விடைகளோடு இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க நூலகம்), போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்), ஜாங்கோ (பைத்தான் வலைச் சட்டகம்), லினக்ஸ் கெர்னல் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. கட்டளைகள், நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் ‘காமிட்’ என்ற பதிவாகச் சேமிக்கும் கிட் கருவிக்கு உரியவை. பராமரிப்பில் உள்ள ஒவ்வொரு பதிப்பும் தனிக் கிளையில் இருக்கும், புதிய வேலை நடப்பது முதன்மைக் கிளையில். நிரலின் செயலைத் தொடாமல் அதன் தோற்றத்தை மட்டும் ஃபார்மேட்டர் (நிரலின் வரி அமைப்பைத் தானே ஒழுங்குபடுத்தும் கருவி) கொண்டு மொத்தமாக மாற்றும் ஒற்றைக் காமிட்டை ‘வடிவக் காமிட்’ என்று குறிப்பிடுகிறேன்.

ஃபார்மேட்டிங் என்றால் டேபும் இடைவெளியும்தானே? இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை?

இடைவெளி மட்டும் மாறினால் உண்மையிலேயே பெரிய சிக்கல் இல்லை. ஆனால் ஃபார்மேட்டர்கள் செய்யும் மாற்றங்களில் நான்கு வகை உண்டு. வரிக்குள் இடைவெளி மாறுவது முதல் வகை. ஒரு வரி பல வரிகளாகப் பிரிவதும், பல வரிகள் ஒன்றாகச் சேர்வதும் இரண்டாம் வகை. மேற்கோள் குறி மாறுதல், கடைசி உறுப்புக்குப் பின் காற்புள்ளி சேர்தல், அடைப்புக்குறி சேர்தல் என்று எழுத்துகளே மாறுவது மூன்றாம் வகை. இம்போர்ட் அல்லது இன்க்ளூட் வரிகள் இடம் மாறி அடுக்கப்படுவது நான்காம் வகை.

2017 ஜூனில் போஸ்ட்கிரெஸ் தன் ஃபார்மேட்டரின் புதிய பதிப்புக்கு மாறியபோது நேர்ந்தது பெரும்பாலும் முதல் வகை: வரியின் வலப்பக்கக் குறிப்புரைகள் நகர்ந்தன, அடைப்புக்குறிக்குள் தொடரும் வரிகள் திறப்புக் குறிக்கு நேராக வந்தன. 2022 பிப்ரவரியில் ஜாங்கோ முழு நிரலையும் பைத்தான் ஃபார்மேட்டரான பிளாக் கருவிக்கு மாற்றியபோது, அதுவரை 119 எழுத்து வரை அனுமதிக்கப்பட்ட வரிகள் 88 எழுத்துக்குள் அடக்கப்பட்டன. ஒற்றை மேற்கோள்கள் இரட்டை மேற்கோள்களாயின. அதாவது இரண்டாம், மூன்றாம் வகைகள். உங்கள் மாற்றம் எந்த வகை என்பதைப் பொறுத்தே கீழே வரும் பெரும்பாலான விடைகள் அமைகின்றன.

செயல் எதுவும் மாறவில்லை என்றால் பழைய பதிப்புக்கு என்ன பாதிப்பு வரப்போகிறது?

பழைய பதிப்பைப் பயன்படுத்துபவருக்கு எதுவும் இல்லை. அதற்குத் திருத்தம் கொண்டுபோகும் பராமரிப்பாளருக்குத்தான் பாதிப்பு. ஒரு சி கோப்பில் மூன்று நிபந்தனைகள் கொண்ட இஃப் கூற்று ஒரே வரியில் 95 எழுத்து நீளத்துக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80 எழுத்து வரம்பு வைத்த ஃபார்மேட்டர், முதன்மைக் கிளையில் அதை மூன்று வரிகளாக உடைக்கிறது. ஆறு மாதம் கழித்து, நடு நிபந்தனையில் ‘குறைவு’ என்றிருப்பது ‘குறைவு அல்லது சமம்’ என்றிருக்க வேண்டும், அது ஒரு பாதுகாப்புப் பிழை என்று தெரியவருகிறது. முதன்மைக் கிளையில் திருத்தம் என்பது ஒரு சிறு வரியை நீக்கி இன்னொரு சிறு வரியைச் சேர்ப்பது. அந்தச் சிறு வரி பழைய கிளையில் இல்லவே இல்லை. அங்கே இருப்பது 95 எழுத்து நீள வரி.

அந்த ஒரு காமிட்டை மட்டும் எடுத்துப் பழைய கிளையில் பொருத்த, அதாவது செரி-பிக் செய்யும்போது, கிட் மூன்று நிலைகளை ஒப்பிடுகிறது: திருத்தத்துக்கு முந்தைய முதன்மைக் கிளை, திருத்தத்துக்குப் பிந்தைய முதன்மைக் கிளை, பழைய கிளை. முதலாவதும் மூன்றாவதும் அதே இடத்தில் வேறுபடுவதால் முரண் என்று சொல்லி நின்றுவிடும். பராமரிப்பாளர் அந்த நீள வரியைக் கையால் திருத்த வேண்டும். மிகக் குறைவாகச் சோதிக்கப்படும் மிகப் பழைய பதிப்பில், மிக அவசரமான ஒரு பாதுகாப்புத் திருத்தத்தைக் கையால் தட்டச்சு செய்ய வைப்பதுதான் வடிவக் காமிட்டின் உண்மையான விலை. அதைப் பல ஆண்டுகள் செலுத்த நேரும்.

முதன்மைக் கிளையில் மட்டும் செய்துவிட்டுப் பழைய கிளைகளை அப்படியே விட்டுவிடலாமா?

விடலாம், போஸ்ட்கிரெஸ் 2017இல் அப்படித்தான் செய்தது. அப்போது 10ஆம் பதிப்பு இன்னும் தனிக் கிளையாகப் பிரியவில்லை. ஆகவே 10உம் அதற்குப் பிந்தையவையும் புதிய வடிவத்தில் இருக்க, 9.6உம் அதற்கு முந்தையவையும் பழைய வடிவத்திலேயே தொடர்ந்தன. அத்திட்டம் ஒவ்வொரு பெரிய பதிப்பையும் ஐந்து ஆண்டுகள் பராமரிக்கிறது, வழுத் திருத்தங்களைப் பராமரிப்பில் உள்ள எல்லாக் கிளைகளுக்கும் கொண்டுபோகிறது. எனவே 9.6இன் ஆயுள் முடிந்த 2021 நவம்பர் வரை, நான்கு ஆண்டுகளுக்கு மேல், ஒவ்வொரு திருத்தமும் அந்த எல்லைக்கோட்டைக் கடந்தே போக வேண்டியிருந்தது.

அவர்களுக்கு அது தாங்கக்கூடியதாக இருந்ததற்கு ஒரு காரணம், மாற்றம் பெரும்பாலும் முதல் வகையாக இருந்தது. வரிகளே உடையும் மாற்றத்தைச் செய்துவிட்டு இதே வழியைப் பின்பற்ற நினைப்பவர்கள், போஸ்ட்கிரெஸின் அனுபவத்தைத் தங்களுக்கு அளவுகோலாகக் கொள்ளக் கூடாது.

அப்படியானால் எல்லாக் கிளைகளையும் ஒன்றாக மாற்றிவிடுவதுதானே நல்லது?

ஓப்பன்எஸ்எஸ்எல் அந்த வழியைத் தேர்ந்தது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை வெளிப்பட்ட பிறகு அந்த நிரலைப் படிக்கத் தொடங்கியவர்கள் பலர். படிப்பதற்கு அது எளிதாக இல்லை. 2015 ஜனவரியில் ஜிஎன்யூ இன்டென்ட் கருவியைக் கொண்டு முதன்மைக் கிளை, 1.0.2, 1.0.1, 1.0.0, 0.9.8 ஆகிய எல்லாமே ஒரே வடிவத்துக்கு மாற்றப்பட்டன. இவற்றில் 1.0.0, 0.9.8 ஆகிய இரண்டின் பராமரிப்பும் அதே ஆண்டு டிசம்பரோடு முடிந்தது. ஓராண்டுகூட மீதமில்லாத கிளைகளையும் விட்டுவைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிளைதோறும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் டேக் (பெயர்க் குறி) இட்டு வைத்தார்கள். அதனால் வெளியே பேட்ச் (நிரலின் மீது பொருத்தும் மாற்றக் கோப்பு) வைத்திருந்தவர்கள் துல்லியமாக எந்தப் புள்ளியில் வடிவம் மாறியது என்று கண்டுகொள்ள முடிந்தது.

ஆனால் திட்டத்தின் கிளைகள் மட்டுமே உலகம் ஆகிவிடாது. லினக்ஸ் விநியோகங்களான டெபியன் 7 அப்போது 1.0.1இ பதிப்பையும், உபுண்டு 14.04 பதிப்பு 1.0.1எஃப் பதிப்பையும் வைத்திருந்தன. விநியோகங்கள் வெளியீட்டுக்குப் பிறகு பதிப்பு எண்ணை மாற்றுவதில்லை. பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய நிரலில் பொருத்துவார்கள். 2015 மார்ச்சில் வந்த 1.0.1எம் முதல் திருத்தங்கள் புதிய வடிவத்தில் வந்தன. அவர்களிடம் இருந்த நிரலோ பழைய வடிவத்தில் இருந்தது. திட்டத்துக்குள் இல்லாமல்போன முரண் அவர்கள் மேசைக்கு இடம்பெயர்ந்தது.

சரி, இரண்டில் எங்கள் திட்டத்துக்கு எது பொருந்தும் என்று எப்படி முடிவு செய்வது?

இரண்டு பேரை எண்ணிப் பாருங்கள்: பழைய கிளைக்குத் திருத்தம் கொண்டுபோகும் உங்கள் ஆட்கள், உங்கள் பழைய வெளியீட்டின் மீது தங்கள் பேட்சை வைத்திருக்கும் வெளியாட்கள். முதலாமவர் சுமை பெரிது, இரண்டாமவர் சிலரே என்றால் எல்லாக் கிளைகளையும் மாற்றுங்கள். வெளியாட்கள் பலர், அதுவும் உங்களுக்குப் பெயர்கூடத் தெரியாதவர்கள் என்றால் பழைய கிளைகளைத் தொடாதீர்கள்.

இரண்டாம், மூன்றாம் வகை மாற்றமாக இருந்து, பராமரிப்பில் இரண்டு மூன்று கிளைகள் மட்டுமே இருக்கும் நடுத்தரத் திட்டங்களுக்கு, எல்லாக் கிளைகளையும் ஒரே வாரத்தில், ஒரே கருவிப் பதிப்பால் மாற்றுவதையே நான் பரிந்துரைக்கிறேன். முதன்மைக் கிளையை இப்போது மாற்றிவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது மட்டும் வேண்டாம். ‘பிறகு’ வருவதற்குள் எல்லைக்கோட்டைக் கடந்து கையால் பொருத்தப்பட்ட திருத்தங்கள் சேர்ந்துவிடும். அவற்றில் எது சரியாகப் பொருந்தியது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எந்த நேரத்தில் செய்வது நல்லது?

புதிய பராமரிப்புக் கிளை பிரிவதற்குச் சற்று முன்பு. பிரியும் நொடியில் முதன்மைக் கிளையும் புதிய கிளையும் ஒரே வடிவத்தில் இருக்கும். வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் காலம் (பீட்டா) என்பதால் பெரிய அம்சங்கள் உள்ளே வருவதும் நின்றிருக்கும். போஸ்ட்கிரெஸ் நெடுங்காலமாகப் பின்பற்றிய வழக்கம் இதுவே. பிரிந்த மறுநாள் செய்வதுதான் மிக மோசமான நேரம்: மிக நீண்ட ஆயுள் மீதமுள்ள கிளை பழைய வடிவத்தில் மாட்டிக்கொள்ளும்.

கிளைக்குக் கிளை ஃபார்மேட்டரின் பதிப்பு வேறாக இருந்தால் தவறா?

தவறில்லை, அது இயல்பும்கூட. ஆனால் எந்தக் கிளைக்கு எந்தப் பதிப்பு என்பது அந்தக் கிளைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், தானியங்கிச் சோதனையும் அதே பதிப்பைத்தான் இயக்க வேண்டும். சி, சி++ ஃபார்மேட்டரான கிளாங்-ஃபார்மேட்டின் இரண்டு பதிப்புகள் ஒரே அமைப்புக் கோப்பை வைத்துக்கொண்டே வெவ்வேறு வடிவத்தைத் தரக்கூடும். பங்களிப்பாளர் தன் கணினியில் எது இருக்கிறதோ அதை இயக்கிவிட்டால், திருத்தத்தோடு தொடர்பில்லாத வரிகள் டிஃபில் (மாறிய வரிகளின் பட்டியலில்) நுழைந்துவிடும். போஸ்ட்கிரெஸ் 2023இல் தன் ஃபார்மேட்டரின் மூல நிரலையே தன் களஞ்சியத்துக்குள் கொண்டுவந்துவிட்டது.

பதிப்பு மட்டும் போதாத இடமும் உண்டு. சி மொழியில் இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு நட்சத்திரக் குறி வந்தால், அது பெருக்கலா சுட்டி அறிவிப்பா என்பது முதல் பெயர் ஒரு வகைப்பெயரா என்பதைப் பொறுத்தது. நிரலைத் தொகுக்காமல் எழுத்தை மட்டும் பார்க்கும் ஃபார்மேட்டருக்கு இது தெரியாது. அதனால்தான் போஸ்ட்கிரெஸ் எல்லா வகைப்பெயர்களையும் ஒரு பட்டியல் கோப்பாகக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலும் கிளைக்குக் கிளை வேறு. முதன்மைக் கிளையின் பட்டியலைப் பழைய கிளையில் பயன்படுத்தக் கூடாது.

வடிவக் காமிட் செய்யும்போது கண்ணில் பட்ட ஒரு சிறு வழுவையும் அதிலேயே சரிசெய்துவிட்டேன். பரவாயில்லையா?

கூடாது. ஃபார்மேட்டர் இயங்கியபின் வழுக்கள் கண்ணில் படுவது உண்மைதான். 2014 பிப்ரவரியில் ஆப்பிளின் டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பு) நிரலில் வெளிப்பட்ட பிழையில், அடைப்புக்குறி இல்லாத இஃப் கூற்றின் கீழ் ‘goto fail’ என்ற வரி இருமுறை வந்திருந்தது. உள்தள்ளல் காரணமாக இரண்டாவதும் நிபந்தனைக்குள் இருப்பதுபோல் தோன்றியது. ஃபார்மேட்டர் அதை இடப்பக்கம் தள்ளிக் காட்டியிருக்கும். ஆனால் கண்டதைத் தனிக் காமிட்டாக, வடிவக் காமிட்டுக்கு முன்பே செய்யுங்கள். அப்போதுதான் அந்தத் திருத்தம் பழைய வடிவத்தில் இருக்கும். பழைய கிளைகளுக்கு முரண் இல்லாமல் செல்லும். வடிவக் காமிட்டுக்குள் புதைந்த திருத்தத்தைப் பிரித்து எடுக்க எளிய வழியில்லை.

செயல் மாறவில்லை என்று எப்படி உறுதிப்படுத்துவது? சோதனைகள் தேறினால் போதாதா?

சோதனைகள் தொடாத வரிகள் எல்லாத் திட்டத்திலும் உண்டு. வடிவக் காமிட்டோ எல்லா வரிகளையும் தொடுகிறது. பைத்தானில் பிளாக் கருவி, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் தொடரியல் மரத்தை ஒப்பிட்டுச் சமமாக இருக்கிறதா என்று தானே பார்த்துவிடுகிறது. அந்தச் சோதனையை வேகத்துக்காக நிறுத்திவிடாதீர்கள்.

சி, சி++ என்றால் டீபக் தகவல் இல்லாமல் இரண்டு நிலைகளையும் தொகுத்து, கிடைக்கும் ஆப்ஜெக்ட் கோப்புகளைப் பைட்டுக்குப் பைட் ஒப்பிடலாம். ஆனால் நிரலில் வரி எண்ணைத் தரும் மேக்ரோ இருந்தால் அவை சமமாக வராது. அசெர்ட் பயன்படுத்தும் ஒவ்வோர் இடமும் வரி எண்ணைச் சுமக்கிறது, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பிழைப் பதிவு மேக்ரோக்களும் அப்படியே. அத்தகைய கோப்புகளை அசெம்பிளியாகப் பிரித்துப் பார்த்து, வரி எண்ணாக வரும் மாறிலிகள் தவிர வேறெதுவும் மாறவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். நான்காம் வகை மாற்றத்தை, அதாவது இன்க்ளூட் வரிகளை அடுக்குவதை, முதலில் அணைத்துவிடுங்கள். ஒரு தலைப்புக் கோப்பு இன்னொன்றுக்கு முன் வந்தாக வேண்டும் என்ற மறைமுகச் சார்பு பல நிரல்களில் உண்டு. வரிசை மாறினால் தொகுப்பதே நின்றுபோகும், சில வேளைகளில் நிற்காமல் பொருள் மாறும். அது வேண்டுமென்றால் பின்னர் தனியாகச் செய்யலாம்.

ஐம்பதாயிரம் வரி டிஃபை யார் உட்கார்ந்து படிப்பது?

யாரும் படிக்க வேண்டியதில்லை. மீண்டும் செய்து பார்க்க வேண்டும். வடிவக் காமிட்டின் விளக்கத்தில் கருவியின் பெயர், பதிப்பு, இயக்கிய முழுக் கட்டளை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். மதிப்பாய்வு செய்பவர் அதன் தாய்க் காமிட்டை எடுத்து, தன் கணினியில் அதே கட்டளையை இயக்கி, கிடைக்கும் ட்ரீ ஹாஷ் (கோப்புகளின் உள்ளடக்கத்திலிருந்து கிட் கணக்கிடும் அடையாளம்) காமிட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஹாஷ் மாறிவிடும்.

இதற்கு ஒரே நிபந்தனை, கருவி செய்ததும் கை செய்ததும் ஒரே காமிட்டில் கலக்கக் கூடாது. கை வேலையைக் கருவிக்கு முன் ஒரு காமிட்டாகவும் பின் ஒரு காமிட்டாகவும் வைத்தால், மனிதர் படிக்க வேண்டியது சில நூறு வரிகளாகச் சுருங்கிவிடும். யாரும் படிக்காத பெரிய டிஃப் என்பது தீய நோக்குள்ளவர் ஒரு வரியை நுழைக்க மிகத் தோதான இடம். அதனால் இந்த ஒழுங்கை நான் வசதிக்கான ஏற்பாடாகக் கருதுவதில்லை. பாதுகாப்புக்கான குறைந்தபட்சமாகவே கருதுகிறேன்.

அதற்குப் பிறகு, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கிட் பிளேம் போட்டால் எல்லா வரியிலும் ஒரே ஆளின் பெயர் வருகிறதே?

2019 ஆகஸ்டில் வெளியான கிட் 2.23 முதல் இதற்குத் தீர்வு உண்டு. புறக்கணிக்க வேண்டிய காமிட்டுகளின் ஹாஷ்களை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி, அந்தக் கோப்பைப் பிளேம் கட்டளைக்குக் காட்டினால், அந்தக் காமிட்டுகளைத் தாண்டி அதற்கு முன் வரியை எழுதியவரைக் காட்டும். ‘.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்’ என்ற பெயரில் களஞ்சியத்தின் மேலடுக்கில் வைப்பது வழக்கம். கிட்ஹப் தளம் இந்தப் பெயரைப் பார்த்தால் தானாகவே எடுத்துக்கொள்கிறது. ஹாஷ் முழு 40 எழுத்தாக இருக்க வேண்டும், சுருக்கக் கூடாது. எதற்காகப் புறக்கணிக்கிறோம் என்று மேலே ஒரு குறிப்பு வரி எழுதிவையுங்கள்.

ஹாஷை வடிவக் காமிட் களஞ்சியத்தில் சேர்ந்த பிறகே எழுத வேண்டும். புல் ரிக்வெஸ்டை (மாற்றத்தைச் சேர்க்கும்படி பங்களிப்பவர் அனுப்பும் கோரிக்கையை) ஸ்குவாஷ் செய்தோ (ஒரே காமிட்டாக்கியோ) ரீபேஸ் செய்தோ (வேறொரு காமிட்டின் மேல் மாற்றி அடுக்கியோ) சேர்த்தால் ஹாஷ் மாறிவிடும். முன்பே எழுதியது எங்குமில்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டிருக்கும். வரிகள் பெருமளவில் உடைந்த இடங்களில், எந்தப் புதிய வரி எந்தப் பழைய வரியிலிருந்து வந்தது என்பதைக் கிட் ஊகித்தே சொல்கிறது. அத்தகைய வரிகளில் குறி இட்டுக் காட்டும் அமைப்பு கிட்டில் உண்டு. அதை இயக்கி வைத்துக்கொள்வது நல்லது.

பழைய கிளைக்கு மாறியதும் கிட் பிளேம் பிழை காட்டி நின்றுவிடுகிறது. ஏன்?

கிட்டின் அமைப்பில் அந்தப் புறக்கணிப்புக் கோப்பின் பெயரைப் பதிந்துவிட்டீர்கள். பழைய கிளையில் அந்தக் கோப்பு இல்லை. கிட் அதைப் பொறுத்துக்கொள்ளாது. பராமரிப்பில் உள்ள ஒவ்வொரு கிளையிலும் கோப்பைச் சேர்த்துவிடுங்கள், வெறுங்கோப்பாக இருந்தாலும் சரி. எல்லாக் கிளைகளையும் மாற்றியிருந்தால் கிளைதோறும் வடிவக் காமிட்டின் ஹாஷ் வேறு என்பதை மறக்க வேண்டாம். எல்லா ஹாஷ்களையும் ஒரே கோப்பில் எழுதி அதையே எல்லாக் கிளைகளிலும் வைத்தாலும் கேடில்லை.

பழைய கிளையை மாற்றவில்லை. இப்போது ஒரு திருத்தத்தை அங்கே கொண்டுபோக வேண்டும். கையால் எழுதுவதைத் தவிர வழி உண்டா?

முதலில், இடைவெளி வேறுபாட்டைப் புறக்கணிக்கும் மெர்ஜ் (இணைப்பு) விருப்பத்தோடு செரி-பிக் செய்து பாருங்கள். முதல் வகை மாற்றமாக இருந்தால் பெரும்பாலும் அதோடு வேலை முடிந்துவிடும். வரிகள் உடைந்திருந்தால் அந்த விருப்பம் உதவாது. அது வரிக்குள் மட்டுமே பார்க்கும்.

அப்போது இப்படிச் செய்யுங்கள். பழைய கிளையிலிருந்து ஒரு தற்காலிகக் கிளை எடுத்து, அதில் முதன்மைக் கிளையின் ஃபார்மேட்டரை அதே அமைப்போடு இயக்கிக் காமிட் செய்யுங்கள். அதன்மேல் திருத்தத்தைச் செரி-பிக் செய்தால், வடிவத்தால் வந்த முரண்கள் எல்லாம் மறைந்து, நிரல் உண்மையிலேயே வேறுபடும் இடங்களில் மட்டும் முரண் வரும். அதைத் தீர்த்தபின், திருத்தம் பழைய நிரலில் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும். பிறகு உண்மையான பழைய கிளையில் அதைக் கையால் எழுதுங்கள்.

அடுத்து வருவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கையால் திருத்திய பழைய கிளையின் நகல் ஒன்றை எடுத்து, அதன்மீதும் ஃபார்மேட்டரை இயக்குங்கள். தற்காலிகக் கிளையில் திருத்தத்துக்குப் பின்னும் ஒருமுறை இயக்குங்கள். இரண்டின் முடிவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இருந்தால் நீங்கள் கையால் எழுதியதும் செரி-பிக் செய்த திருத்தமும் ஒன்றே என்பதற்கு அதுவே சான்று. மேலே சொன்ன 95 எழுத்து வரியில் ‘சமம்’ என்பதை எழுத மறந்திருந்தால், அந்த ஒப்பீட்டில் அது கண்டிப்பாகத் தெரிந்துவிடும். காமிட் விளக்கத்தில் முதன்மைக் கிளையின் மூலக் காமிட் ஹாஷையும் குறித்துவையுங்கள்.

திருத்தத்தை முதலில் பழைய கிளையில் எழுதி, பிறகு மேலே கொண்டுவந்தால் எளிதாகுமா?

ஆகும், வெகுவாக. பழைய வடிவத்திலிருந்து புதிய வடிவத்துக்குப் போக ஃபார்மேட்டர் இருக்கிறது. புதியதிலிருந்து பழையதற்குத் திரும்ப எந்தக் கருவியும் இல்லை. ஆகவே திருத்தம் கீழிருந்து மேலே போகும்போது எல்லைக்கோட்டைக் கருவியே கடத்திவிடும். பழைய கிளையைத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஃபார்மேட் செய்து, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை எடுத்தால் அதுவே புதிய வடிவத்தில் எழுதப்பட்ட திருத்தம்.

வழுத் திருத்தத்தை, அது தேவைப்படும் மிகப் பழைய கிளையில் முதலில் செய்து மேல்நோக்கி மெர்ஜ் செய்வது கிட் திட்டமே தன் ஆவணத்தில் பரிந்துரைக்கும் வேலைமுறை. லினக்ஸ் கெர்னலோ நேர்மாறு: முதன்மைக் கிளையில் ஏற்கெனவே சேர்ந்த திருத்தமே நிலைக் கிளைக்கு (வெளியான பதிப்பின் பராமரிப்புக் கிளைக்கு) போக முடியும். இரண்டுக்கும் நியாயங்கள் உண்டு. ஆனால் மேலிருந்து கீழே கொண்டுபோகும் விதியை வைத்திருக்கும் திட்டம், பழைய கிளைகளைத் தொடாமல் வரிகளை உடைக்கும் வடிவக் காமிட்டைச் செய்வது மிகக் கடினமான சேர்க்கை என்பதைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

என் புல் ரிக்வெஸ்ட் மூன்று மாதமாகத் திறந்திருக்கிறது. இப்போது வடிவக் காமிட் வந்து எல்லாம் முரணாகிவிட்டது. என்ன செய்வது?

நேரடியாக மெர்ஜ் செய்யாதீர்கள். முதலில், வடிவக் காமிட்டின் தாய்க் காமிட் வரை மட்டும் உங்கள் கிளைக்கு மெர்ஜ் செய்து, உண்மையான முரண்களைத் தீருங்கள். அடுத்து, வடிவக் காமிட்டில் எழுதப்பட்ட அதே கட்டளையை உங்கள் கிளை முழுவதிலும் இயக்கிக் காமிட் செய்யுங்கள். இப்போது உங்கள் கிளை, வடிவக் காமிட்டும் உங்கள் மாற்றமும் சேர்ந்த நிலையில் இருக்கிறது. எனவே வடிவக் காமிட்டை ‘அவர்ஸ்’ மெர்ஜ் உத்தியால் இணையுங்கள். உங்கள் கோப்புகள் எதுவும் மாறாது, இணைந்துவிட்டது என்ற பதிவு மட்டும் ஏறும். பின்னர் மீதமுள்ள முதன்மைக் கிளையை வழக்கம்போல் மெர்ஜ் செய்யலாம். ‘அவர்ஸ்’ என்ற பெயரில் ஓர் உத்தியும், வழக்கமான மெர்ஜுக்கு ஒரு விருப்பமும் தனித்தனியே உள்ளன. இங்கே வேண்டியது உத்தி.

பராமரிப்பாளர்கள் இந்தப் படிகளைப் பங்களிப்பு வழிகாட்டியில், தங்கள் காமிட் ஹாஷ்களோடு எழுதிவைக்க வேண்டும். முதன்முறை பங்களிப்பவர் திறந்து வைத்த புல் ரிக்வெஸ்ட் இப்படி முரணில் சிக்கினால், அவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

நான் ஒரு விநியோகத்தில் தொகுப்பு பராமரிக்கிறேன். மூலத் திட்டம் வடிவத்தை மாற்றிவிட்டது. என் பேட்சுகள் எதுவும் ஒட்டவில்லை.

புதிய வெளியீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், உங்கள் ஒவ்வொரு பேட்சும் முந்தைய கேள்வியில் வந்த புல் ரிக்வெஸ்டைப் போன்றதே. அதே வழி செல்லும். பழைய வெளியீட்டிலேயே இருந்துகொண்டு திருத்தத்தை மட்டும் எடுக்கிறீர்கள் என்றால், ‘கையால் எழுதுவதைத் தவிர வழி உண்டா’ என்ற கேள்விக்கான விடையில் சொன்ன தற்காலிகக் கிளையும் ஒப்பீடும்தான் வழி.

ஓர் எச்சரிக்கை. ஜிஎன்யூ பேட்ச் கட்டளை, சுற்று வரிகளில் இரண்டு வரை பொருந்தாவிட்டாலும் ஏற்றுக்கொண்டு இடத்தை ஊகிக்கும். கிட் அப்ளை இயல்பாக அப்படிச் செய்யாது. வடிவம் மாறிய நிரலில் ஒரே மாதிரியான குறுகிய வரிகள் பல உண்டாவதால், அந்த ஊகம் தவறான இடத்தில் விழ வாய்ப்பு கூடுகிறது. ஊகம் வேண்டாம் என்று பேட்ச் கட்டளைக்குச் சொல்லிவிட்டு வேலை செய்யுங்கள்.

நான் தமிழாக்கம் மட்டும்தான் செய்கிறேன். எனக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மொழிபெயர்ப்புக் கோப்புகளில் ஒவ்வொரு தொடருக்கும் மேலே அது வரும் மூலக் கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். வடிவக் காமிட்டுக்குப் பின் கோப்புகளைப் புதுப்பித்தால், தொடர்கள் எதுவும் மாறாமலேயே எல்லா வரி எண்களும் மாறும். ஒவ்வொரு மொழிக் கோப்பிலும் ஆயிரக்கணக்கான வரிகளில் டிஃப் வந்து, நீங்கள் மாற்றிய பத்துத் தொடர்கள் அதற்குள் காணாமல் போகும். இந்தக் கோப்புகளை உருவாக்கும் கெட்டெக்ஸ்ட் கருவிகளுக்கு வரி எண் இல்லாமல் கோப்பின் பெயரை மட்டும் எழுதச் சொல்லும் விருப்பம் உண்டு. வடிவக் காமிட்டுக்கு முன்பே அந்த அமைப்புக்கு மாறும்படி பராமரிப்பாளரிடம் கேளுங்கள்.

சில கோப்புகளை மட்டும் விட்டுவிடலாமா?

விட வேண்டும். வெளித் திட்டங்களிலிருந்து எடுத்து வைத்த நிரல், கருவிகள் உருவாக்கிய நிரல், எழுத்து மாறினால் தோற்கும் சோதனைத் தரவு ஆகிய மூன்றும் விலக்குப் பட்டியலில் இருக்கட்டும். குறிப்புரைக்குள் அட்டவணையோ படமோ எழுத்துகளால் வரைந்திருந்தால் அவற்றையும் காக்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் அத்தகைய குறிப்புரைகளின் தொடக்கக் குறியை ஒட்டி ஒரு சிறு கோடு இட்டு, இன்டென்ட் அவற்றைத் தொடாதபடி செய்தார்கள்.

லினக்ஸ் கெர்னலைப் போல மொத்த வடிவ மாற்றமே வேண்டாம் என்று இருந்துவிட்டால்?

அது மதிக்கத்தக்க முடிவு. 2018 முதல் கெர்னல் மூலத்தில் கிளாங்-ஃபார்மேட் அமைப்புக் கோப்பு இருக்கிறது. ஆனால் முழு மரத்தின் மீதும் அதை இயக்குவதில்லை. நிலைக் கிளைகளுக்கான விதிகள், எழுத்துப்பிழை, இடைவெளித் திருத்தம் போன்ற அற்ப மாற்றங்களை ஏற்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. அத்தனை கிளைகளும் அத்தனை வெளி பேட்சுகளும் உள்ள இடத்தில் வேறு முடிவு எடுக்க முடியாது.

தொட்ட வரிகளை மட்டும் ஃபார்மேட் செய்வோம் என்ற நடுவழியும் உண்டு. அதில் வரலாறு கெடாது, எல்லைக்கோடும் உருவாகாது. ஆனால் ஒவ்வொரு திருத்தத்திலும் கொஞ்சம் வடிவ மாற்றம் கலந்துவிடும். அந்தத் திருத்தங்கள்தான் பழைய கிளைகளுக்குப் போக வேண்டியவை. இந்த வழியில் செல்லும் திட்டங்கள், பழைய கிளைக்குப் போகப்போகும் திருத்தத்துக்கு மட்டும் அந்த விதியிலிருந்து விலக்கு அளிப்பது நல்லது.

ஃபார்மேட்டரே தன் நடையை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் இதையெல்லாம் செய்ய வேண்டுமா?

பழைய கிளைகளில் வேண்டியதில்லை. அங்கே கருவியின் பதிப்பை உயர்த்தவே வேண்டாம். முதன்மைக் கிளையில், மேலே நேரம் பற்றிச் சொன்னபடி, வெளியீட்டுச் சுழற்சிக்கு ஒருமுறை போதும். பிளாக் கருவி ஒரு நாட்காட்டி ஆண்டுக்குள் தன் நிலையான நடையை மாற்றுவதில்லை, மாற்றங்களை ஆண்டின் முதல் வெளியீட்டில் சேர்க்கிறது என்பதால் திட்டமிடுவது எளிது. ரஸ்ட் மொழியின் ஃபார்மேட்டரான ரஸ்ட்ஃபார்மேட்டில் நடைப் பதிப்பைக் கருவியின் பதிப்பிலிருந்து பிரித்து அமைக்கலாம். கருவி புதிதாக இருந்தாலும் பழைய கிளை பழைய நடையிலேயே நிற்கும்.

சில உயர்வுகள் அமைப்புக் கோப்பில் நீங்கள் எழுதாமல் விட்ட இடத்தின் வழியாக வரும். ஜாவாஸ்கிரிப்ட் ஃபார்மேட்டரான பிரெட்டியர் 2023இல் 3ஆம் பதிப்புக்குப் போனபோது கடைசிக் காற்புள்ளியின் இயல்பு மதிப்பை மாற்றியது. அந்த அமைப்பைத் தாமே எழுதி வைத்திருந்த திட்டங்களில் அந்த மாற்றம் நுழையவில்லை. உங்கள் அமைப்புக் கோப்பில் இயல்பு மதிப்பையே விரும்பினாலும், வரிகளை உடைக்கும் அமைப்புகளையும் எழுத்துகளைச் சேர்க்கும் அமைப்புகளையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். கிளை பிரியும்போது அந்தக் கோப்பும் கூடவே போகும்.